பேன் என்று கேட்ட சொல்

இலை தானாக விழுவதில்லை. மரம்தான் அதைக் கழற்றிவிடுகிறது. 2004ஆம் ஆண்டு வசந்தத்தில் ஸ்ரனிஸ்லாஸ் இதைக் குறைந்தது ஆறு பேருக்காவது விளக்கியிருப்பார். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரம் முதலில் ஒரு மெல்லிய தடுப்பைக் கட்டும். தண்ணீர் போகும் வழியை அடைக்கும். இலை பிரிந்தால் வரப்போகும் காயத்தை முன்கூட்டியே ஆற்றிவைக்கும். அதற்குப் பிறகுதான் காற்றுக்கு வேலை. ஆகவே இலை உதிர்ப்பது உயிருள்ள மரம் செய்கிற காரியம். முறிந்து தொங்குகிற கிளையைப் பாருங்கள்: இலைகள் காய்ந்து சருகாகி, மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றிவிட அங்கே ஆளில்லை.

"அப்ப இது செத்துப்போச்சு எண்டுறியள்," என்றான் பேனாட்.

"பட்டுப்போச்சு. இதிலை கதைக்க ஒண்டுமில்லை."

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றது பக்கத்து வீட்டு துரீட்டின் ஓக் மரத்தை. இரண்டரை ஆள் உயரம், கெண்டைக்கால் பருமனில் தண்டு. மே மாதம் பிறந்துவிட்டது. சுற்றியிருந்த பேர்ச் மரங்களெல்லாம் சின்னச் சின்னப் பச்சை இலைகளோடு நின்றன. ஓக் மட்டும் உச்சி முதல் அடி வரை போன வருடத்துப் பழுப்பு இலைகளைச் சுமந்துகொண்டு, காற்றடித்தால் கடதாசி கசக்குவதுபோலச் சத்தம் போட்டது.

பேனாட் வீடியோக்காரன். வருகிற சனிக்கிழமை ஸ்ரனிஸ்லாஸின் மகள் துஷ்யாவுக்குப் புதுநன்மை. தேவாலயத்தில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற நாள். பூசை முடிய அறுபது பேருக்கு வீட்டின் பின்வளவில் சாப்பாடு. கமெராவை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் பேனாட் வந்திருந்தான். எங்கே வைத்தாலும் கேக் மேசைக்குப் பின்னால் அந்த மரம் வந்து விழுந்தது.

"வெள்ளை உடுப்போடை பிள்ளை நிக்கும். பின்னாலை பட்டமரம் நிக்கும். ரொறொன்ரோவிலை இருக்கிற உங்கடை சனம் பார்த்துப்போட்டு என்ன சொல்லுங்கள், புரபெசர்?"

புரபெசர் என்பது கேலிப் பெயர். ஸ்ரனிஸ்லாஸ் லிப்ட் திருத்துகிறவர். கயிறு அறுந்தாலும் லிப்ட் ஏன் விழாது என்று கேட்டால், கேட்டவர் இறங்கவேண்டிய மாடியையும் தாண்டி விளக்கிக்கொண்டு போவார். ஓஸ்லோத் தமிழரிடையே அவரைத் தெரிந்தவர்கள், குறொன்லாண்ட் கடையில் மரக்கறி வாங்கும்போது எதிரே கண்டால், அவசரமில்லாத நாளில் மட்டும் நின்று கதைப்பார்கள். அவருக்கு அது தெரியும். ஆனாலும் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

பதினொரு வருடம் ரொம்சோஸ் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, முந்தின ஓகஸ்டில்தான் குடும்பம் குறோருட்டில் இந்த வரிசை வீட்டை வாங்கி வந்திருந்தது. பின்னால் கையகலப் புல்தரை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே வேலி இல்லை. அங்கே துரீட், எழுபத்திரண்டு வயது, தனியாக இருந்தார். வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் பிறந்தவர், கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரனிஸ்லாஸும் நோர்வேக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியவர். அது போதுமாக இருந்தது. செப்டெம்பர் முழுக்க இருவரும் துரீட்டின் பின்படியில் இருந்து கோப்பி குடித்தார்கள்.

அந்த மரத்தைப் பற்றி துரீட் சொன்னதெல்லாம் ஸ்ரனிஸ்லாஸுக்கு அப்படியே இனித்தது. ஓஸ்லோவில் கோடைச் சூரியன் இரவு பத்தரைக்குத்தான் இறங்கும். அதுவும் வடமேற்கில், தாழ்வாக, கண்ணுக்கு நேரே. குடை விரித்துப் பயனில்லை, வெயில் குடைக்குக் கீழே வந்துவிடும். நிழல் வேண்டுமானால் வடமேற்கு மூலையில், பக்கவாட்டில் அகலமாக விரிகிற மரம் வேண்டும். ஊசியிலை மரம் வைத்தால் மாரியிலும் இருட்டாக்கும். மாரியில் கிடைக்கிற வெளிச்சம் ஒரு கை அள்ளு, அதையும் மறைப்பதா? ஆகவே இலையுதிர்க்கிற மரம். அதிலும் ஓக். 1990இல் படியில் இருந்துகொண்டு பாகைமானியால் கோணம் அளந்து, அந்த இடத்திலேயே துரீட் விதையை ஊன்றினார். கன்று வாங்கி நடவில்லை. ஓக் விதை இலையை வெளியே விடுவதற்கு முன் வேரை ஒரு முழம் கீழே அனுப்பிவிடும், பிறகு கிளப்பி நடுவது அதற்குப் பிடிக்காது.

"நல்ல நிழல் வர நாற்பது வருடம் ஆகும்," என்று துரீட் சொன்னார். "எனக்கு அப்போது தொண்ணூற்றெட்டு. இருந்தால் நல்லது. இல்லையென்றால் யாராவது இருப்பார்கள்."

நோர்வே மொழியில் எல்லாருக்கும் 'டூ' என்ற ஒரே சொல்தான். நீ, நீர், நீங்கள் என்ற பிரிவெல்லாம் கிடையாது. துரீட்டின் 'டூ'வை ஸ்ரனிஸ்லாஸ் தன் மனதில் 'நீர்' என்று போட்டுக்கொண்டார். சமமாக இருந்து கதைக்கிற ஆள் சொல்லும் நீர்.

அப்படி ஒரு நாள் கதைத்தபோது துரீட் மரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அது ஸ்ரனிஸ்லாஸின் காதில், 'ஓக் வசந்தத்தில் பேன்' என்று விழுந்தது. பேன் என்றால் நோர்வே மொழியில் அழகு. இந்த நாட்டுக்கு வந்த தமிழர்கள் எல்லாருக்கும் முதல் மாதத்திலேயே பிடிபடுகிற சொல் அது. மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி "பேன்" என்றதும், வாங்கில் இருந்த பன்னிரண்டு தமிழரும் தலையைச் சொறிந்து சிரித்த கதை ஸ்ரனிஸ்லாஸிடம் இருந்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் வாய்க்குள் வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "யா, யா," என்று தலையாட்டினார். துரீட் தொடர்ந்து சொன்ன இரண்டு வசனமும் அந்தச் சிரிப்போடு போய்விட்டன. திருப்பிக் கேட்கவில்லை. ஹம்மர்பெஸ்டில் இருந்தவன் ஹம்மர்பெஸ்ட்காரியின் பேச்சைத் திருப்பிக் கேட்பதா?

பெப்ரவரியில் துரீட்டின் தங்கைக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. பார்த்துக்கொள்ள ஹம்மர்பெஸ்டுக்குப் போனவர், மே கடைசியில்தான் வருவேன் என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். "தோட்டத்தைப் பாரும். தேவையானதைச் செய்யும்," என்றார்.

தேவையானதைச் செய்யும். இப்போது பேனாட் போனபிறகு ஸ்ரனிஸ்லாஸ் அந்த வசனத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி மரியரஞ்சனி, குசினி யன்னலால். "அந்த மனிசிக்கு ஒரு போன் அடிச்சுக் கேளுங்கோவன்."

"என்னத்தைக் கேக்கிறது? பட்டமரம் பட்டமரம்தான். அங்கை தங்கச்சியோடை கிடந்து அலையுது, மரம் செத்துப்போச்சு எண்டு ஏன் இப்ப கவலைப்படுத்துவான்? வரேக்கை நானே ஆறுதலாச் சொல்லுறன்."

"அது சரி. பிள்ளையின்ரை நாளிலை பட்டமரத்துக்குக் கீழை சாப்பாடு போடுறது எனக்கும் மனதுக்கு நல்லாயில்லை."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்ததும் கைவாளை எடுத்தார். பேனாட் அன்று வெளிச்சம் பார்க்க வந்து, மூன்று கால் ஸ்ராண்டை விரித்துக்கொண்டிருந்தான். மரியரஞ்சனி மேசைவிரிப்பை உதறிக்கொண்டு படியில் நின்றாள்.

காய்ந்த மரத்தை அரியும்போது தூள் மாவாகப் பறக்கும். வாள் சறுக்கிக்கொண்டு போகும், சத்தம் உயரமாகக் கேட்கும். இங்கே முதல் நாலு இழுப்பிலேயே சத்தம் அடைத்தது. தூள் பறக்கவில்லை. ஈரமாக, கட்டிகட்டியாக வாளின் பல்லில் அப்பியது. புளித்த தேயிலைச் சாயம் மாதிரி ஒரு மணம் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் நிறுத்தினார். குனிந்து, வெட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் சுரண்டினார்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய படை இருக்கும், கடதாசித் தடிப்புக்கூட வராது. மரத்தின் உயிர் முழுவதும் அதில்தான். பட்டமரத்தில் அது கபிலமாக, பொடியாக இருக்கும். இங்கே அது பச்சையாக இருந்தது. நகத்தில் ஈரம் ஒட்டியது.

அவருடைய முகம் காது வரைக்கும் சூடாகியது.

வெட்டு கால்வாசிதான் போயிருந்தது. கால்வாசி என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். தண்ணீர் ஏறுவது தண்டின் வெளி வளையத்தைச் சுற்றி. கால் பங்கு அறுந்தாலும் முக்கால் பங்கு வழி திறந்திருக்கும். மரம் காயத்தை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வரும், சில வருடத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும். வாளை வெளியே எடுத்தால் போதும்.

"என்ன புரபெசர், நிப்பாட்டிப்போட்டியள்? செத்தது எழும்பி வந்து கடிச்சதோ?"

மரியரஞ்சனி சிரித்தாள். ஆறு பேருக்கு விளக்கிய மனிதர் இவர். ஏழாவது ஆள் கமெராவோடு நின்றான்.

"வாள் சிக்கிப்போச்சு," என்று ஸ்ரனிஸ்லாஸ் சொன்னார். சொல்லிவிட்டு, அரிந்தார்.

மரம் பழுப்பு இலைகளோடுதான் சாய்ந்தது. விழுந்தபிறகும் இலைகள் கழலவில்லை. அவர் கிளைகளைத் துண்டாக்கும்போதுதான் கவனித்தார், ஒவ்வொரு காம்புக்கும் மேலே ஒரு கொழுத்த மொட்டு கூராக நின்றது. மற்றவர்கள் பார்க்க முன் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் திணித்துக் கட்டினார்.

ஓக் மரத்தின் சாற்றில் ஒருவிதத் துவர்ப்பு இருக்கிறது. அது இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கருநீல மையாகிவிடும். முற்காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் செய்தார்கள். வாள் இரும்பு, மரம் ஈரம். இரவு சாப்பாட்டுக்கு இருந்தபோது ஸ்ரனிஸ்லாஸின் வலது கைவிரல் மூன்றும் நகக்கண்ணும் கருநீலமாக இருந்தன. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

"தேசிக்காய் போட்டு உரஞ்சுங்கோ," என்றாள் மரியரஞ்சனி. பிறகு அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "காய்ஞ்ச மரத்திலை ஏனப்பா இப்பிடிச் சாயம் பிடிக்குது?"

"அது ஓக்கின்ரை குணம்," என்று மட்டும் சொன்னார். ஒரு கேள்விக்கு அவர் இவ்வளவு சிறிதாகப் பதில் சொன்னது அந்த வீட்டில் முதல் தடவை. மரியரஞ்சனி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் தேவாலயத்தில் துஷ்யா வெள்ளை உடுப்போடு வரிசையில் நடந்தாள். அவள் அதற்கு முதல் வாரம்தான், குருவானவரிடம் தன் பாவங்களைச் சொல்லும் முதற் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள். தம்பிக்குக் கிள்ளியதைச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் அழுதவள். அவளுடைய முறை வந்தபோது பெற்றோரும் பின்னால் நின்று நற்கருணை வாங்கவேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் காற்சட்டைப் பையில் இருந்து கையை எடுக்கவில்லை. நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்காமல் நாக்கை மட்டும் நீட்டினார். பேனாட்டின் வீடியோவில் அன்று முழுக்க அவர் வலது கையைப் பையில் போட்டுக்கொண்டுதான் நிற்பார். கேக் வெட்டும்போது மகளின் கைமேல் இடது கையை வைத்திருப்பார். பின்னால் வெறும் புல்தரையும் வானமும். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்து நூலகத்துக்குப் போனார். தன் விளக்கம் எங்கே பிழைத்தது என்று தெரியாமல் அவருக்கு உட்கார முடியவில்லை. மரங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் இருந்தது: இளம் ஓக் மரங்கள் காம்படியில் அந்தத் தடுப்பை இலையுதிர்காலத்தில் அரைகுறையாகக் கட்டிவிட்டு நிறுத்திவிடும். இலை காய்ந்தாலும் பிடி விடாது. வசந்தத்தில் புது மொட்டு தள்ளும்போதுதான் மிச்ச வேலையை முடித்துப் பழையதைக் கழற்றும். அதுவும் மற்ற மரங்களெல்லாம் துளிர்த்து முடித்தபிறகு, மே கடைசியில், ஜூனில். அதற்குப் பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தது: 'ஸேன்'. பிந்தியது.

ஓக் வசந்தத்தில் ஸேன்.

அழகு என்று துரீட் சொல்லவில்லை. பிந்தித் துளிர்க்கும் என்று சொன்னார். அதனால்தான் இந்த மரம், மே மாதத்து வெயில் படியில் விழும், நிழல் தேவைப்படும்போதுதான் இலை வரும் என்று சொல்லியிருப்பார், அந்தத் தவறவிட்ட இரண்டு வசனத்தில். ஸ்ரனிஸ்லாஸ் புத்தகத்தை மூடினார். வாசிப்பறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் எழும்பி, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வெளியே போனார்.

துரீட் மே முப்பதாம் திகதி வந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பின்வளவுக்குப் போய், மரம் நின்ற இடத்தில் நின்றார். ஸ்ரனிஸ்லாஸ் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னார். பட்டுவிட்டது. சருகோடு நின்றது. நான் வெட்டினேன்.

"பட்டுவிட்டதா?" துரீட் அவருடைய முகத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தெரிந்த ஆளிடம் கேட்கும் பார்வை அது. "நீர் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து படியில் இருந்தார். பிறகு கேட்டார்: "ஒக்டோபரில் தண்ணீர்க் குழாய் போட அந்தப் பக்கம் தோண்டச் சொன்னேன் அல்லவா? ஒரு வேரை வெட்டினார்கள். என் கைப்பெருவிரல் பருமன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதனாலா?"

ஒரு வேர் போனதற்கு ஓக் சாகாது. நூறு வேர் இருக்கிற மரம். அதை விளக்க ஸ்ரனிஸ்லாஸுக்கு அரை நிமிடம் போதும். வாயைத் திறந்தார்.

"இருக்கலாம்," என்றார்.

துரீட் தலையை ஆட்டினார். பதினான்கு வருடம் பார்த்து வளர்த்த மரத்தைத் தானே கொன்றுவிட்டதாக அன்றைக்கு ஏற்றுக்கொண்டார். அடுத்த நாட்களில் மற்ற அயலவர்கள் கேட்டபோது அதையே சொன்னார். "என் பிழை. குழாய்க்காக வேரை வெட்டினேன்." புல்தரை மூலையில் நின்று ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்வது ஸ்ரனிஸ்லாஸின் குசினி யன்னலால் கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்ரனிஸ்லாஸ் அது காதில் விழாமல் குசினித் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுவார்.

ஜூன் கடைசியில், வெட்டிய மரத்தின் அடிக்குற்றி துளிர்த்தது.

ஓக் மரத்தின் பட்டைக்கடியில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. உச்சியிலிருந்து கீழே ஒரு செய்தி இறங்கிக்கொண்டே இருக்கும்: பொறுங்கள், நான் இருக்கிறேன். உச்சியை வெட்டினால் செய்தி நின்றுவிடும், கீழே இருப்பவை எழும்பிவிடும். கீழே பதினான்கு வருடத்து வேர் முழுச் சேமிப்போடு இருக்கிறது. அது சாகவில்லை, அதற்கு யாரும் செத்துவிட்டது என்று சொல்லவும் இல்லை. துரீட்டின் புல்லையும் தானே வெட்டித் தருவதாக ஸ்ரனிஸ்லாஸ் அந்த மாதமே சொல்லியிருந்தார், முழங்கால் நோகிற மனிசி என்று. ஆகவே முதலில் கண்டது அவர்தான். குற்றியின் ஓரத்தில் சிவப்பாக ஐந்து முளை, நெருப்புக்குச்சித் தலை அளவில். பெருவிரலால் உரஞ்சி எடுத்தார்.

இரண்டு வாரத்தில் பதினொன்று வந்தது. அவற்றையும் எடுத்தார். ஜூலை நடுவில் இன்னும் வந்தது. துரீட் எழும்ப முன், காலை ஐந்து மணி வெயிலில், செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நடந்துபோய்க் குந்தியிருந்து பிடுங்கினார். உயிரோடிருக்கிற ஒன்று தான் உயிரோடிருப்பதாகச் சொல்லச் சொல்ல அவர் அதன் வாயைப் பொத்தினார். பிடுங்கியதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஓகஸ்ட் மூன்றாம் வாரத்தில் துரீட் சொன்னார்: "வியாழக்கிழமை ஒருவன் மெசினோடு வருகிறான். அந்தக் குற்றியை வேரோடு அரைத்து எடுத்துவிடுவான். இன்னொரு ஓக் வைக்க எனக்கு வயதில்லை. சுவரில் துணிப் பந்தல் ஒன்று போடப்போகிறேன்."

புதன் பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தபோது மரியரஞ்சனி குசினி வாசலில் நின்றாள். கையை விரித்தாள். உள்ளே வாடிய ஓக் துளிர்கள் ஏழெட்டு.

"உடுப்பு மெசினிலை போடேக்கை உங்கடை பொக்கற்றுக்கை கிடந்தது. இது எத்தினையாவது தரம்?"

அவர் கதிரையில் இருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், அந்தக் கைச் சாயத்தைக் கண்டவுடனை. கேட்டால் வெக்கப்படுவியள் எண்டு விட்டனான்." மரியரஞ்சனி துளிர்களை மேசையில் கொட்டினாள். "நாளைக்கு மெசின் வந்தால் முடிஞ்சுது. ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?"

"மெசின் வந்தால் வேர் செத்துப்போம்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது, ரஞ்சி? மனிசி மூண்டு மாசமாத் தன்னிலை பழியைப் போட்டுக்கொண்டு திரியுது. நான் இருக்கலாம் எண்டு சொன்னனான். இருக்கலாம் எண்டு!"

"வேணுமெண்டால் நான்தான் வெட்டச் சொன்னனான், வீடியோவுக்கு எண்டு சொல்லுங்கோ. அதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் போய்ச் சொல்லுங்கோ. ஊருக்கெல்லாம் விளக்கம் குடுக்கிற மனிசன், இதுக்கு மட்டும் வாயில்லையோ?"

துரீட் பின்படியில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஏழு மணி வெயில் நேரே கண்ணில் விழுந்ததால் பத்திரிகையை முகத்துக்கு மேலே பிடித்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் எதிரே நின்றுகொண்டே தொடங்கினார். மெசினை நிறுத்தவேண்டும், மரம் சாகவில்லை என்றார். பிறகு அவருடைய நாக்கு தனக்குத் தெரிந்த பாதையில் ஓடியது. இலைக்காம்பின் அடியில் மரம் ஒரு தடுப்புக் கட்டும், இளம் ஓக் அதை அரைகுறையாக விட்டுவிடும், எங்கள் நாட்டில் சருகோடு நிற்கிற மரம் என்றால் பட்டமரம், அதனால்தான் பார்த்தவுடன், அதோடு நீர் ஸேன் என்று சொன்னது எனக்குப் பேன் என்று கேட்டது, எங்கள் மொழியில் பேன் என்றால் தலையில் இருக்கிற பூச்சி, ஆகவே நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு...

துரீட் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

"நிறுத்தும்," என்றார். "மரம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். உமக்கு எப்போது தெரிந்தது?"

ஸ்ரனிஸ்லாஸின் வாயில் அடுத்த வசனம் தயாராக இருந்தது. விழுங்கினார்.

"அரியும்போது."

"எவ்வளவு அரிந்திருந்தீர்?"

"கால்வாசி."

"கால்வாசியில் விட்டிருந்தால்?"

துரீட்டுக்கு விடை தெரியும். கணித ஆசிரியை, மாணவன் தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார். பின்வளவில் எங்கோ ஒரு பிள்ளை பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

"பிழைத்திருக்கும்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"பிறகு ஏன்?"

வீடியோ என்று சொல்லலாம். மனைவி என்று சொல்லலாம், அவளே அனுமதி தந்திருக்கிறாள். "ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்," என்றார். "பட்டமரம் என்று நான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்."

துரீட் மெதுவாகக் கேட்டார். "என் வேர்?"

"அந்த வேரால் ஒன்றுமில்லை. அன்றைக்கும் எனக்கு அது தெரியும்."

அப்போதுதான் துரீட்டின் முகம் மாறியது. மரத்தைப் பற்றிக் கேட்டபோது இறுகாத வாய் இப்போது இறுகியது. கழுத்தில் சிவப்பு ஏறியது. எழும்பினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. ஸ்ரனிஸ்லாஸ் கை கொடுக்கப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். துரீட் உள்ளே போய்த் தொலைபேசியையும் ஒரு துண்டுக் கடதாசியையும் கொண்டுவந்தார்.

"இது மெசின்காரனின் இலக்கம். நீரே சொல்லும். ஏன் என்று கேட்பான், அதையும் சொல்லும்."

மூன்றாவது மணியில் எடுத்தான். சுறுசுறுப்பான இளம் குரல். நாளைக்கு வரவேண்டாம் என்று ஸ்ரனிஸ்லாஸ் சொன்னதும், "ஏன்? பட்டமரம் என்றுதானே அந்த அம்மா சொன்னார், குழாய் வேலையில் வேரை வெட்டியதால் என்று," என்றான் அவன். இவனுக்கும் சொல்லியிருக்கிறார்.

"இல்லை. மரம் உயிரோடு இருந்தது. நான் வெட்டினேன்."

"ஓ. யார் பேசுவது?"

பெயரைச் சொன்னார். அவன் எழுத்துக்கூட்டச் சொன்னான். ஸ்ரனிஸ்லாஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், துரீட் பார்த்துக்கொண்டு நிற்க. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, மற்ற அயலவர்களுக்கும் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

"அது உமது இஷ்டம்," என்றார் துரீட். "சனிக்கிழமை புல் வெட்ட வரவேண்டாம். நான் சொல்லும்வரை அந்தப் பக்கம் வரவேண்டாம்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் வரிசையில் இருந்த ஐந்து வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும் நாலு வசனம்தான். ஐந்தாவது வீட்டுக்காரர், தன் கோடாலியை இனி ஒளித்து வைக்கவேண்டும் என்று பகிடி விட்டார். ஸ்ரனிஸ்லாஸும் சிரிக்கவேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை மரியரஞ்சனி அவரை யன்னலுக்குக் கூப்பிட்டாள். துரீட் புல்தரை மூலையில் நின்றார். பக்கத்தில் நான்கு மரக்குச்சிகள், ஒரு சுருள் கோழிக்கூட்டுக் கம்பிவலை, ஒரு சுத்தியல். குற்றியைச் சுற்றி அரண் போடப்போகிறார். குளிர்காலத்தில் மான் இறங்கி வந்து துளிர் கடிக்கும். ஒரு முழங்காலை நிலத்தில் வைக்க அவருக்கு மூன்று தடவை முயலவேண்டியிருந்தது. சுத்தியலை ஓங்கினார். குச்சி சாய்ந்தது. எடுத்து, நட்டு, திரும்பவும் ஓங்கினார்.

"போங்கோவன்," என்றாள் மரியரஞ்சனி. "போய்ப் பிடிச்சுக் குடுங்கோ."

"வரவேண்டாம் எண்டு சொன்னவ."

"அதுக்கு?"

ஸ்ரனிஸ்லாஸ் பின்கதவைத் திறந்து, தன் பக்கத்துப் புல்லின் ஓரம் மட்டும் போய் நின்றார். வேலி இல்லை, ஒரு காலடி வைத்தால் போதும். துரீட் நிமிர்ந்து பார்த்தார், அவரைக் கண்டார், திரும்பவும் குனிந்துகொண்டார். சற்று வெளிப்பக்கம் சாய்வாக அடித்தால் குச்சி இறுகும், வலையை வெளிப்பக்கம் கட்டினால் மான் தள்ளும்போது விடாது. இரண்டையும் சொல்ல ஸ்ரனிஸ்லாஸின் வாய் உன்னியது. அவர் சொல்லவில்லை.

நான்கு குச்சியும் இறங்கி, வலை கட்டி முடிய ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. வலையைத் துரீட் உள்பக்கம்தான் கட்டினார். ஸ்ரனிஸ்லாஸ் அவ்வளவு நேரமும், ஐந்து வீட்டு யன்னல்களுக்கும் தெரிய, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.